கோழிக்கூண்டில் ஒரு ஸ்டியரிங்

ஜீப் ஸ்டியரிங்கின் செம்மறித் தோல் உறையைக் கழற்றிய சபின் டாக்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்தது டிராக்டர் ஸ்டியரிங்.

பதினெட்டு வருஷமாக அதன்மேல் உறை போட்டே ஓட்டியதில், அது டிராக்டர் ஸ்டியரிங் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன ஒரு செம்மறிக் கடா, மயக்கம் பாதியிலேயே தெளிந்து, முன் இருக்கையிலிருந்து எழுந்து ஒரே முட்டில் அசல் ஸ்டியரிங்கை மூன்று துண்டாக்கியது. அன்று கைக்குக் கிடைத்ததைப் பொருத்தினார். மறுநாளே உறையும் போட்டார். அபுசேனி மலையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் கால்நடை மருத்துவர் அவர் ஒருவர்தான். ஒரு கடாவிடம் தோற்றார் என்ற பேச்சு வரக்கூடாது.

ஆனால் பதினோரு மணிக்கு வண்டியைச் சோதிக்க அப்ருத் நகரத்திலிருந்து இலிங்கா என்ற பெண் அதிகாரி வருகிறாள். முந்தின நாள் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "உறை, விரிப்பு எல்லாத்தையும் எடுத்து வைங்க டாக்டர். எல்லாம் அசலான்னு நான் கண்ணால பாக்கணும்."

வண்டிக்கு வயது முப்பத்துமூன்று. புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டது. இனி அது சாலையில் ஓடவேண்டுமானால் ஒரே வழி, 'பாரம்பரிய வாகனம்' என்ற சான்றிதழ். முப்பது வயது தாண்டியிருக்கவேண்டும், பாகங்கள் அசலாக இருக்கவேண்டும், எண்கள் சரியாக இருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போகும்.

மனைவி வெத்தூரியா கொட்டகை வாசலில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆணிகூட மாத்தலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே."

"ஆணி மாத்தலதானே. இது ஸ்டியரிங்."

"அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

சபின் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே கால். அசல் ஸ்டியரிங் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், வெத்தூரியாவுக்கும் தெரியும்.

"அண்ணன்கிட்ட கேளுங்க," என்றாள் வெத்தூரியா.

"செத்தாலும் கேக்கமாட்டேன்."

அண்ணன் என்பது வெத்தூரியாவின் அண்ணன் ஒலிம்பியு. கீழ்த்தெருவில் மர அறுவை ஆலை வைத்திருக்கிறவர். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன் மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து ரயிலேறிப் போய், தொழிற்சாலை முற்றத்தில் ஒரே நாளில், ஒரே சாம்பல் பச்சை நிறத்தில், ஒன்றுபோல இரண்டு ஜீப் எடுத்துக்கொண்டு மலையேறி வந்தார்கள். ஒலிம்பியுவின் ஜீப் ஒன்பதாவது வருஷம் அடித்தளம் துருப்பிடித்து, என்ஜின் புகைந்து, ஆலைக்குப் பின்னால் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஐந்து புது ஜீப் மாற்றிவிட்டார். சபினின் ஜீப் இன்னும் ஓடுகிறது.

இந்த ஒரு விஷயத்தை வைத்து சபின் இருபத்துநான்கு வருஷமாக மச்சானைச் சீண்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு விருந்து, பிள்ளைகளின் கல்யாணம், ஒருமுறை இழவு வீடு, எங்கேயும் விடவில்லை. "ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே ரோடு. உன் கையில ஒன்பது வருஷம். என் கையில பாரு," என்பார். ஒலிம்பியு பதிலுக்குத் தன் புது வண்டியின் கதவைத் திறந்து, "உக்காரு மாப்ளே, சீட்டு சூடா இருக்கும்," என்பார். சபின் உட்காரமாட்டார். ஒரே ஒரு தடவை, ஜனவரி மாதத்தில், உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்துவர மனசே வரவில்லை என்பதை வெத்தூரியாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

அந்த மச்சானிடம் போய் ஸ்டியரிங் கேட்பதாவது.

"நீ ஆலைக்குப் போய் உங்கண்ணன்கூடப் பேசிக்கிட்டிரு. கால் மணி நேரம் போதும்," என்றார்.

"என்ன பேசறது?"

"அவன் புது வண்டியைப் பத்திக் கேளு. ஒரு மணி நேரம்கூடப் பேசுவான்."

வெத்தூரியா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை நாலைத் துணியில் மடித்து எடுத்துக்கொண்டாள். "நான் உங்க ஜீப்பைத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். நீங்க சீதனமா வந்தீங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஆலையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. சபின் பின்பக்க வேலியைத் தாண்டினார். மச்சானின் செத்த ஜீப், சக்கரம் இருந்த இடத்தில் நாலு மரக்கட்டைமேல், கோழிக்கூண்டாக வாழ்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பதில் கம்பிவலை. பின்சீட்டு முழுக்க வைக்கோல். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பழுப்பு நிற அடைக்கோழி, ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால், எங்கோ அவசரமாகப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நகரு தாயி," என்றார் சபின்.

கோழி அவர் மணிக்கட்டில் கொத்தியது. போன மாசம் அதன் காலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தவர் அவர்தான். அந்த நன்றியெல்லாம் அதற்கு இல்லை.

அவர் கோழிக்கு மேலாகக் கையை நீட்டி, நடு மூடியைப் பெயர்த்து, நட்டுக்கு எண்ணெய் ஊற்றினார். ரம்பம் உறுமும்போதெல்லாம் சுத்தியலால் தட்டினார். ரம்பம் ஓய்ந்தால் அவரும் ஓய்ந்தார். நட்டு கழன்றது. ஸ்டியரிங் வரவில்லை. பின்சீட்டில் ஏறிக் குனிந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, பிறக்க மறுக்கிற கன்றுக்குட்டியை இழுக்கிற கணக்கில் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது மொத்தமாகக் கையோடு வந்தது. சபின் வைக்கோலில் மல்லாந்து விழுந்தார். வைக்கோலுக்குள் ஏழு முட்டை இருந்தன.

கோட்டுக்குள் ஸ்டியரிங்கை வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் வழிகிற கால்சட்டையோடு அவர் வீடு சேர்ந்தபோது மணி ஒன்பது.

கழுவித் துடைத்து மாட்டினார். அச்சாகப் பொருந்தியது. பழைய கறுப்பு வளையம், நடுவில் வட்ட மூடி, மெலிந்த மூன்று கம்பிகள். உட்கார்ந்து பிடித்துப் பார்த்தபோது இருபத்தெட்டு வயதில் பிடித்த பிடி கைக்குத் திரும்ப வந்தது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

அவர் அதை அமுக்கவில்லை. டிராக்டர் ஸ்டியரிங் போட்ட நாளிலிருந்து அந்த ஹாரன் ஊமை. இப்போது கோழிக்கூண்டில் துருவேறிய மூடி உள்ளே எங்கோ ஒட்டிக்கொள்ள, பேசாத பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசியது. தட்டினார், குத்தினார், மூடியைக் கழற்றினார். நிற்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிட்டது. கடைசியில் பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கினார். நின்றது. வயரை மாட்டினார். அடித்தது. பிடுங்கினார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வயரை மாட்டாவிட்டால் வண்டியைக் கிளப்ப முடியாது. மாட்டினால் ஊரே கூடிவிடும்.

ஊர் கூடவில்லை. ஒலிம்பியு மட்டும் வந்தார். பின்னாலேயே வெத்தூரியா, கண்ணால் 'நான் என்ன செய்யட்டும்' என்று சொல்லிக்கொண்டு.

"மாப்ளே, ஒரு அநியாயத்தைக் கேளு," என்றார் ஒலிம்பியு வாசலில் வரும்போதே. "என் கோழிக்கூண்டுல இருந்த ஸ்டியரிங்கை எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். ஏழு முட்டையை வேற மிதிச்சுத் துவைச்சிருக்கான். எவன்னு மட்டும் தெரிஞ்சா..."

பேச்சு அங்கே நின்றது. அவர் பார்வை சபினின் கால்சட்டைக்குப் போய், அங்கிருந்து ஜீப்புக்குள் போயிற்று. மெதுவாக உள்ளே தலையை நீட்டினார். தரையில் கிடந்த டிராக்டர் ஸ்டியரிங்கையும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருபத்துநான்கு வருஷத்துச் சந்தோஷம் இருந்தது.

"ஒரு ஆணிகூட மாத்தல," என்றார்.

"மச்சான்."

"ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே ரோடு."

"மச்சான், அந்தம்மா பதினோரு மணிக்கு வருது. சான்றிதழ் இல்லன்னா வண்டி இரும்புக்குப் போயிடும்."

ஒலிம்பியு கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார். "நான் வாயே திறக்கல. ஒரே ஒரு நிபந்தனை. அந்தம்மா முன்னாடி, உன் வாயால, புது வண்டிதான் உசத்தின்னு சொல்லணும்."

சபின் வெத்தூரியாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"சொல்றேன்," என்றார் சபின். "இப்ப இதை மேல ரோட்டுக்கு இழுத்துக் கொடு. அங்கிருந்து சரிவுல உருட்டினா கிளம்பிடும். பழைய டீசல். இதுக்கு கரண்டு தேவையே இல்ல."

ஒலிம்பியுவின் ஐந்தாவது ஜீப் கருநீலம். வாங்கிப் பதினோரு மாதம். திரை, கேமரா, சூடான இருக்கை எல்லாம் உண்டு. அதுபோக, ஒரு பெண் குரலில் பேசவும் செய்யும். ஒலிம்பியு மனைவியிடம் பேசுவதைவிட மரியாதையாக அதனிடம் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள். கயிறு கட்டி, இழுக்க ஆரம்பித்தார். இரண்டடி போனதும் புது வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றது.

"பின்னால் தடை உள்ளது," என்றது குரல்.

"அது தடை இல்லம்மா. என் மாப்ளே," என்றார் ஒலிம்பியு.

மறுபடி இரண்டடி. மறுபடி பிரேக். அதை அணைக்கிற இடத்தைத் திரையில் தேடித் தேடி, முதலில் ரேடியோ போட்டார், பிறகு பின்சீட்டைச் சூடாக்கினார், அதன்பிறகு வண்டி சம்பந்தமே இல்லாமல் புதாபெஸ்டுக்கு வழி சொன்னது. ஒருவழியாக அணைத்ததும், குறை சொல்லக்கூடாது, அது இழுத்த இழுப்பு அழகு. ஒரு உறுமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. சேறு நிறைந்த முற்றத்தில் ஒன்றரை டன் இரும்பை தொட்டில் துணியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. சபினுக்கே ஒரு நொடி வாய் பிளந்தது. மச்சான் கண்ணாடியில் பார்க்கிறானோ என்று உடனே மூடிக்கொண்டார்.

சாலைக்கு வந்து சேர்கிற அதே நேரத்தில் இலிங்காவின் சின்னக் கார் வந்து நின்றது. மணி பத்தே முக்கால்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தயாராகத்தான் வந்திருந்தாள். கையில் ஒரு டேப்லெட். கயிற்றைப் பார்த்தாள்.

"வண்டி ஓடாதா டாக்டர்?"

சபின் வாய் திறப்பதற்குள் வெத்தூரியா முந்திக்கொண்டாள். "ஓடாம என்ன. எங்கண்ணன் அவரோட புது வண்டிக்கு எவ்வளவு பலம்னு பாக்கணும்னார். கட்டி இழுக்க இதைவிடக் கனமான பொருள் எங்க வீட்டுல இல்ல."

இலிங்கா சிரித்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். விளக்கு, கதவுப் பிடி, இருக்கையின் தையல், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டேப்லெட்டில் குறித்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தபோது கொஞ்சம் நின்றாள்.

"இவ்வளவு நல்ல நிலைமையில நான் பாத்ததே இல்ல. தினம் துடைப்பீங்களோ?"

"இன்னிக்குக்கூடத் துடைச்சேன்," என்றார் சபின். பொய் இல்லை.

ஒலிம்பியு இருமினார்.

"சரி, பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டணும். மலைப்பாதைன்னா இன்னும் நல்லது," என்று சொல்லிவிட்டு அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒலிம்பியு நிபந்தனையை நினைவூட்டுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானும் பின்னால வரேன்," என்றார். வெத்தூரியா சூடான இருக்கைக்குப் போய்விட்டாள்.

சபின் கைபிரேக்கை விட்டார். ஜீப் சத்தமில்லாமல் உருண்டது. இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டதும், ஒரு தும்மல், இரண்டு உதறல், பிறகு கறுப்புப் புகையோடு என்ஜின் எழுந்து நின்றது.

"சாவியே போடலையே," என்றாள் இலிங்கா.

"இதுக்குச் சாவியெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான் மேடம்."

ஆட்டுப்பட்டி இருக்கிற உச்சிக்கு, வானுயர்ந்த பீச் மரக் காட்டுக்குள்ளே பாதை. நாலு நாள் மழையில் களிமண் சோப்பு மாதிரி இருந்தது. சபின் நாலு சக்கரமும் இழுக்கிற கியருக்கு மாற்றி, ஓட்ட ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை மறந்தார், நிபந்தனையை மறந்தார். அந்த வண்டியை ஓட்டும்போது அவருக்குக் கண்ணைவிடக் காதும் உள்ளங்காலும்தான் வேலை செய்யும். கியரில் எந்தப் பல் எந்தச் சத்தம் போடும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எவ்வளவு கெஞ்சினால் ஏறும், எல்லாம் தெரியும். முப்பத்துமூன்று பனிக்காலம் இதிலேதான் ஓடியது. பின்சீட்டில் பதினொரு கன்று பிறந்திருக்கிறது. அவர் மகளைப் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் இதில்தான். ஹீட்டர் என்று ஒன்று உண்டு, மே மாதத்தில் மட்டும் வேலை செய்யும். மழை பெய்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முழங்கால் நனையும். அதனால் மழைக்காலத்தில் அங்கே உட்காருகிறவர்களை அவர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக உபசரிப்பார்.

"கீழ ரோடு தெரியுது," என்றாள் இலிங்கா, காலடியில் இருந்த ஓட்டையைப் பார்த்து. "இது அசலா?"

"எனக்கு ஞாபகம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இருக்கு. சேறு எவ்வளவு ஆழம்னு பாக்க வசதி."

ஓடை திரும்புகிற இடத்தில் ஜீப் சரிந்தது, பற்களைக் கடித்தது, ஏறிப் போய்விட்டது. பின்னால் வந்த கருநீல வண்டி ஏறவில்லை. பளபளக்கிற அகல டயர் களிமண்ணை அப்பிக்கொண்டு நாலும் வழவழவென்று சுழல, வண்டி கௌரவமாக அச்சு வரை இறங்கியது. உள்ளே குரல் கேட்டது. "கவனமாக ஓட்டவும்."

"இப்ப சொல்றா," என்றார் ஒலிம்பியு.

அதே கயிறு. இந்தத் தடவை எதிர்ப்பக்கம். சபின் ஒன்றும் சொல்லாமல் கட்டினார், ஒன்றும் சொல்லாமல் இழுத்தார். பழைய ஜீப் அலறிக்கொண்டு, ஆடிக்கொண்டு, மலை முழுக்கப் புகைவிட்டுக்கொண்டு, சேற்றிலிருந்து மச்சானையும் மனைவியையும் உருவி வெளியே போட்டது. இலிங்கா கைதட்டினாள். ஒரு சொல்கூட வாயைவிட்டு வராமல் சபின் அடக்கிய அடக்கு, அவர் வாழ்க்கையிலேயே பெரிய அடக்கு.

உச்சியில் இடையர்கள் சோளக்களியும் புதுப் பாலாடைக்கட்டியும் கொடுத்தார்கள். இறங்குவது வேறு வழி. அந்தச் செங்குத்துச் சரிவில் பழைய ஜீப்பின் பிரேக்கை நம்ப முடியாது. சபின் முதல் கியரில், கழுத்தில் வியர்வையோடு, அங்குலம் அங்குலமாக இறக்கி, கீழே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கருநீல வண்டி தானாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிம்பியு இரண்டு காலையும் மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டு, கையில் இருந்த பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக யோசித்து, வழுக்குகிற இடத்தில் பிடித்து, பிடிக்கிற இடத்தில் விட்டு, ஒரு பெரிய மிருகம் தூக்கக் கலக்கத்தில் படியிறங்குவதுபோல அது வந்தது. ஒரு கல் உருளவில்லை.

சபின் கீழே இறங்கி அது வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான்," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "புதுசுதான் உசத்தி."

இலிங்கா காதில் விழுந்தது. நிபந்தனை முடிந்தது. ஆனால் ஒலிம்பியு சிரிக்கவில்லை. நிபந்தனைக்காகச் சொன்னதா, உண்மையா என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் இறங்கி வந்து பழைய ஜீப்பின் சூடான பானெட்மேல் கையை வைத்தார்.

"அஞ்சு வண்டி மாத்திட்டேன் மாப்ளே. எல்லாமே கெட்டிக்கார வண்டிங்க. ஒண்ணோட சத்தம்கூட இப்ப ஞாபகம் இல்ல. விக்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்தது கிடையாது." பானெட்டை ஒரு தட்டு தட்டினார். "நீ சீண்டும்போதெல்லாம் எனக்குக் கோவம் வரும். ஏன்னா நிஜம். ரெண்டும் ஒரே மாதிரிதான் கொண்டுவந்தோம். என்னுது ஒன்பது வருஷத்துல செத்துப்போச்சு. உன்னுது இப்ப என்னைச் சேத்துலேர்ந்து தூக்குது. கை அப்படி."

வெத்தூரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டி அவள் கேட்டதில்லை. "ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே," என்றாள்.

வீடு வந்ததும் இலிங்கா டேப்லெட்டைத் திறந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "எல்லாம் சரியா இருக்கு டாக்டர். நான் பாத்த பழைய வண்டிகள்லேயே இதுதான் முதல் தரம். இனி சேசிஸ் நம்பர் மட்டும் படிச்சுட்டா முடிஞ்சது. எங்க இருக்கு?"

"அடியில, முன் சக்கரத்துக்குப் பக்கத்துல. ஆனா வெளிய தெரியாது. துருப்பிடிக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் நான் எண்ணெயும் பெயிண்டும் அடிப்பேன்."

"இத்தனை வருஷச் சோதனையில யாரும் பாக்கலையா?"

"யாரு குனிவா மேடம். காகிதத்துல இருக்கிறதைப் பாத்து எழுதிக்குவாங்க."

இலிங்கா குனிகிறவள். பையிலிருந்து ஒரு தட்டைக் கத்தியையும் துணியையும் எடுத்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். முப்பத்துமூன்று அடுக்குப் பெயிண்ட் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவள் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து டேப்லெட்டில் தட்டினாள். வெளியே வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

மலர்ச்சி போயிருந்தது. "ஒலிம்பியு பிர்லியா யாரு?"

"நான்தான்," என்றார் ஒலிம்பியு.

சபினுக்கு நினைப்பெல்லாம் ஸ்டியரிங்மேல்தான். அந்த ஸ்டியரிங்கில் ஏதோ எண் இருந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்களும் அதே நாள்ல இதே மாதிரி வண்டி எடுத்தீங்களா?"

"ஆமா. ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டிக்கிட்டு வந்தோம். அவனவன் காகிதம் அவனவன் பையில, நம்பர் பலகை அப்ப இன்னும் மாட்டல. பாதி வழியில ஒரு கடையில புளிச்ச சூப் குடிக்க நிறுத்தினோம். அருமையான சூப். சாவியைக்கூட வண்டியிலேயே விட்டுட்டுத்தான் போனோம், அந்தக் காலத்துல யார் எடுப்பா. குடிச்சுட்டு வந்தோம், ஏறினோம், வந்துட்டோம். ஏன் கேக்கறீங்க?"

இலிங்கா சபினைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"ஒத்துக்கிறேன் மேடம்," என்றார். "அந்த ஸ்டியரிங் என்னோடது இல்ல. காலையில மச்சானோட பழைய வண்டியிலேர்ந்து நான்தான் கழட்டிக்கிட்டு வந்தேன். தப்புதான். ஆனா அது ஒண்ணுதான் அவரோடது, மத்ததெல்லாம் என்னோடது."

இலிங்கா டேப்லெட்டை மூடி மடியில் வைத்தாள்.

"தலைகீழாச் சொல்றீங்க டாக்டர்," என்றாள் மெதுவாக. "இந்த வண்டியில உங்களுக்குச் சொந்தமானது அந்த ஸ்டியரிங் ஒண்ணுதான்."